இரண்டாவது செல்லோவின் தாள்

இசைத்தாள் வைக்கும் உறையை மூன்றாவது முறையாகக் கவிழ்த்து உதறினாள் ரோஸ்விதா. உள்ளேயிருந்து ஒரு பென்சில் துண்டு விழுந்தது, தாள் விழவில்லை.

மயான மண்டபத்தின் நடுவே, மூடித் திருகாணி முடுக்கிய சவப்பெட்டிக்குள் அப்பா ஒட்டோகார். வியன்னா டிராமில் முப்பத்தெட்டு வருஷம் டிக்கெட் கிழித்தவர். வியாழக்கிழமை தவறாமல் பல் டாக்டர் வெஸ்ஸெலி வீட்டில் ஐந்து பேர் கூடி வாசிப்பார்கள்: இரண்டு வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய ஒரு வயோலா, தரையில் ஊன்றி வாசிக்கிற இரண்டு செல்லோ. முதல் செல்லோ டாக்டர், இரண்டாவது அப்பா. மூன்று வாரத்துக்கு முன்பு படுக்கையில் கிடந்தபடி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னை அனுப்புற அன்னிக்கு, நாங்க அஞ்சு பேரும் வாசிக்கிற பாட்டுல அந்த மெதுவான பகுதியை வாசிங்க. என் பங்கை நீ வாசிக்கணும்டி" என்றார். சத்தியம் பண்ணிக் கொடுத்திருந்தாள். கல்யாணத்தோடு அவள் கைவிட்ட செல்லோ. தாளைப் பார்த்தால் எப்படியோ ஒப்பேற்றிவிடுவாள். தாள் இல்லாமல் முதல் வரிகூடத் தாண்டாது.

"என்னத்தடி தேடுற, கோழி கிளறுற மாதிரி?" என்றாள் அம்மா கெர்லிண்டே.

"அப்பாவோட தாள்மா. காலையில இதுக்குள்ளதானே இருந்துச்சு?"

"அதுவா? அவர் கைக்கடியில வெச்சுட்டேன். பெட்டியை மூடுறதுக்கு முன்னாடி."

ரோஸ்விதா மூடிய பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அய்யோ அம்மா! நான் எதைப் பாத்து வாசிப்பேன்?"

"அந்த நாலு பேர்கிட்டயும் இருக்கே, ஒண்ணை எட்டிப் பாத்துக்கோ. சர்ச்சுல பாட்டுப் புஸ்தகம் எல்லாருக்கும் ஒண்ணுதானே?"

"இது அப்படி இல்லம்மா. அவங்கவங்க பங்கு மட்டும்தான் அவங்கவங்க தாள்ல இருக்கும். அப்பாவோடது வேற யார்கிட்டயும் இல்ல."

அம்மா தன் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "எனக்கென்னடி தெரியும்? பல்லு பிடுங்குற வீட்டுல பாட்டு என்ன வேண்டிக்கிடக்குன்னு நான் ஒரு நாளும் அங்க போனதில்லையே."

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த டாக்டர் வெஸ்ஸெலி ஓடிப்போய், பெட்டியைத் திறக்கச் சொல்லி மயான ஊழியரிடம் கெஞ்சினார்.

"முடுக்குனது முடுக்குனதுதான், டாக்டர். அடுத்த சாவு வீட்டுக்காரங்க வாசல்ல நிக்கிறாங்க. இருபது நிமிஷம்தான் உங்களுக்கு."

டாக்டர் தலையைத் தொங்கப் போட்டபடி திரும்பி வந்தார். "நாலு பேரா வாசிச்சிடலாம், ரோஸ்விதா. நீ சும்மா உக்காந்திரும்மா."

சும்மா உட்கார்வதா? அதற்கா சத்தியம் செய்தாள்? அம்மாவைப் பிடித்து உலுக்கலாம் போல ஆத்திரம் வந்தது. செல்லோவை முழங்காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு, முன்வரிசையில் இருந்த அம்மாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

நால்வரும் ஆரம்பித்தார்கள். நடுவில் மூவர் நீளநீளமாக இழுத்தார்கள். மேலே முதல் வயலின் விட்டு விட்டு ஏதோ கேள்வி கேட்டது. அப்பாவின் பங்கிலிருந்து வர வேண்டிய பதில்தான் வரவில்லை. ரோஸ்விதாவின் விரல்கள் தந்திமேல் அலைந்தன, எதைத் தொடுவதென்று தெரியவில்லை.

முதுகுக்குப் பின்னால் மெல்லிய சத்தம். டும். கொஞ்சம் பொறுத்து, இன்னும் தாழ்ந்து, டும்... டும்.

திரும்பினாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு மூக்கால் முனகிக்கொண்டிருந்தாள். நாற்பது வருஷமாக அப்பா கூடத்தில் தன் பங்கை மட்டும் தனியாகச் சுண்டிச் சுண்டிப் பழக, அடுப்படியிலிருந்து கேட்டுக் கேட்டுச் சலித்தவள். "டும் டும்னு தலைவலி! முழுப் பாட்டு எப்பத்தான் வரும்?" என்று கத்துவாள். இப்போது அவள் முனகலில் ஒரு சுரம் பிசகவில்லை.

ரோஸ்விதா வில்லைத் தரையில் வைத்தாள். நாற்காலியைப் பின்னால் நகர்த்தி, அம்மாவின் முழங்காலோடு ஒட்டிக்கொண்டாள். அம்மா முனகிய சுரத்தைத் தேடி விரலால் சுண்டினாள். முதலாவது தப்பியது. அடுத்தது சேர்ந்தது. டாக்டர் நிமிர்ந்து பார்த்தார், வில்லை நிறுத்தவில்லை.

அம்மா கண்ணைத் திறந்து நால்வரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"இதுக்குத்தானா அந்த டும் டும்?" என்றாள்.

பிறகு கையுறையைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, அடுத்த சுரத்தைச் சரியான நேரத்தில் முனகினாள்.