அடியோடு வந்த உப்பு

காலையில் மீன்குஞ்சக்கா தொட்டிகளைப் பார்க்க வந்தாள். ஏரித் தண்ணீரைக் குழாயில் இழுத்து மீன்குஞ்சு வளர்த்து விற்பவள். அதனால் அந்தப் பெயர். குஞ்சுகள் எல்லாம் வெள்ளை வயிறு காட்டி மிதந்தன. முந்தின நாள் அசதியில் தண்ணீர் மாற்றாமல் விட்ட கடைசித் தொட்டியில் மட்டும் உயிர் இருந்தது. செத்த தொட்டியில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள். கரித்தது.

எதிர்க்கரையில் அவள் தம்பியின் தோல் பட்டறை. தோலில் தூவிய உப்பைக் கழுவிய தண்ணீர் அங்கிருந்துதான் ஏரிக்கு வரும். படகை எடுத்தாள். நடு ஏரியில் மேல் தண்ணீரை அள்ளிப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. கனத்த பாட்டிலைக் கயிற்றில் கட்டி அடிவரை இறக்கி எடுத்தாள். வாயில் வைக்க முடியவில்லை.

உப்புத் தண்ணீர் கனம், கண்ணுகளா. கரைக் கல்லில் மோதி விழுந்தால் சிதறிக் கலந்துவிடும். சத்தமில்லாமல் அடியில் விட்டால் கலக்கவே கலக்காது. வெயிலில் காய்ந்த மேல் தண்ணீர் போர்வை மாதிரி மூடிக் கிடக்க, அது தரையோடு தரையாக ஊர்ந்து பள்ளம் தேடிப் போகும். ஏரியின் பெரும் பள்ளத்தில்தான் அக்காவின் குழாய் வாய் வைத்திருந்தது.

படகை நேரே பட்டறைக் கரைக்கு விட்டாள். தம்பி நியாயம் பேசினான். கரையில் கொட்டியபோது நுரை, நாற்றம் என்று நச்சரித்தது அவள்தானாம். அதனால்தான் குழாயை நீட்டி ஏரிக்கு அடியில் போட்டானாம்.

"கண்ணுல படக்கூடாதுன்னு நீதானக்கா சொன்ன?"

"என் குஞ்சுங்க வாயில ஊத்தச் சொன்னேனாடா? அது என் பக்கம் வரும்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவன் தரையைப் பார்த்தான். "வரும்னு தெரியும். மெதுவாதான் வரும், அதுக்குள்ள நீ குஞ்சுகள வித்துடுவேன்னு நெனச்சேன்."

அவள் நேராகப் போய் அவன் கழிவுக் குழாயின் வால்வை மூடினாள். ஊறிக்கொண்டிருக்கும் தோலெல்லாம் வீணாகிவிடும் என்று அவன் பின்னாலேயே வந்தான்.

"ஆகட்டும். குழாய இழுத்து மறுபடியும் கல்லு மேல போடு. நாத்தத்துக்கு நான் மூக்கப் பொத்திக்கிறேன். என் மீனுக்கு மூக்கப் பொத்தத் தெரியாது."

ஆட்கள் குழாயை இழுக்க ஆரம்பித்த பிறகுதான் அவனைப் படகில் ஏற்றினாள். பிழைத்த குஞ்சுகளுக்கு இன்றைக்கே நல்ல தண்ணீர் வேண்டும். அடித் தண்ணீரில் உப்புக் குறைகிற வரை தன் குழாயைத் திறக்க வழியில்லை. நடு ஏரியில் துடுப்பை நிறுத்தி வாளியை அவன் மடியில் போட்டாள்.

"மேலாப்புல மட்டும் மொள்ளு. சட்டைக்கை நனைஞ்சுதுன்னா உன்னையும் சேத்துத் தள்ளிடுவேன்."

அவன் குனிந்து மொண்டான். இருட்டும்வரை மொண்டான்.