பாதி கொரகொரப்பு, பாதி நைசு

“எப்படி வறுத்தது வேணும்?” என்று காபிக் கடைக்காரர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கல்யாணம் முறிந்து அக்காவோடு வந்து சேர்ந்த நாள் முதல், பதினாறு வருடமாக இந்தக் கடைக் காபியைத்தான் குடிக்கிறேன். ஆனால் வாங்கியது அக்கா, போட்டதும் அக்கா. நான் குடித்ததோடு சரி.

“லைட்டா, மீடியமா, நல்லாக் கறுக்கவா? அரைக்கறது கொரகொரன்னா, நைசாவா?”

கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பது என் வேலை. லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, “இது நல்லாத் தெரியுதா, அது நல்லாத் தெரியுதா?” என்று நாள் முழுக்கக் கேட்பவள். பதில் சொல்லாமல் திருதிருவென்று விழிப்பவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். இப்போது என் பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார்.

“எங்க அக்கா எப்பவும் வாங்கறதுதான்.”

“நான் கடையை எடுத்தே ஒரு மாசம்தாம்மா ஆகுது. எல்லாத்துலயும் அம்பது கிராம் தரேன், போட்டுப் பாருங்க.”

அக்காவைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவாள். ஆனால் அவளோடு பேசி ஐந்து வாரமாகிறது. ஐம்பத்திரண்டு வயதில் ஒரு பஸ் டிரைவரைக் கட்டிக்கொள்ளப் போவதாக அவள் சொன்ன அன்று, “இந்த வயசுல இது தேவையா? என்னைப் பத்தி ஒரு நிமிஷமாவது நினைச்சியா?” என்று கத்தினேன். அவள் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள். பதிவு அலுவலகத்துக்கும் நான் போகவில்லை. அவள் வாங்கிவைத்த பொடி தீரும்வரை என் ரோஷத்துக்கு ஒரு குறையும் இல்லை.

கறுக்க வறுத்தது கரியைக் கரைத்துக் குடித்தது போல இருந்தது. லைட் புளித்தது. மீடியம்தான் என்று நாக்கு ஒத்துக்கொண்டது. அரைப்புதான் படுத்தியது. கொரகொரப்பில் ஊற்றிய தண்ணீர் ஊற்றிய வேகத்திலேயே இறங்கிவிட, பாத்திரம் கழுவிய நீர் மாதிரி ஒன்று கிடைத்தது. நைசில் தண்ணீர் காகித வடிகட்டியை விட்டு நகர மாட்டேன் என்றது. நான் குளித்து வந்த பிறகும் சொட்டிக்கொண்டிருந்தது. குடித்தால் ஒரே கசப்பு. இரண்டுக்கும் நடுவில் அரைத்து வாங்கினேன். குறை சொல்ல முடியாத காபி. ஆனால் எங்கள் வீட்டுக் காபி இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அதைக் கையில் வைத்துக்கொண்டு, சமையலறையில் நின்றபடி அழுதேன். காபிக்காக ஒருத்தி அழுவாளா? அழுதேன்.

அக்காவுக்கு ஃபோன் போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

“காபியை எப்படி அரைக்கச் சொல்லுவே?”

“பாதி கொரகொரன்னு, பாதி நைசா. ரெண்டையும் ஒண்ணாக் கலந்துடணும்.”

“அப்படி யாராவது அரைப்பாங்களா?”

“மாட்டாங்கதான். நீ எங்கிட்ட வந்த முதல் மாசம், அரைக்கும்போதே கடை மெஷின்ல ஏதோ கழண்டு, மீதி கொரகொரன்னு விழுந்திடுச்சு. திருப்பிக் குடுக்கத்தான் இருந்தேன். ஒரு வாரமா வாயே திறக்காதவ, அதைக் குடிச்சிட்டு ‘நல்லா இருக்குக்கா’ன்னே. அப்புறம் மாசாமாசம் அதே தப்பைப் பண்ணச் சொன்னேன். பழைய கடைக்காரர் திட்டிக்கிட்டேதான் அரைப்பார்.”

“உனக்கும் அது பிடிச்சிருந்துதாக்கா?”

“எனக்கா?” சிரித்தாள். “எனக்கு நல்லாக் கறுக்க வறுத்ததுதான்டி பிடிக்கும். இங்க வந்துதான் குடிக்கிறேன்.”

அந்தப் பக்கம் மேஜையில் கப்பை வைக்கும் சத்தம் கேட்டது. “சூடா இருக்கு, பாத்து” என்றது ஓர் ஆண் குரல். அக்கா ஊதினாள். அவள் முதல் வாய் குடித்து முடிக்கும்வரை நான் காத்திருந்தேன்.