கீழேயிருந்து மூன்று முறை

புருஷன் லைலைப் புதைத்துவிட்டு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. சாண்ட்விச்சுக்கு ரொட்டியின் ஓரங்களை அரிந்துகொண்டிருந்த வெர்னா, லைலின் கூட்டாளி டெஸ் பின்கட்டுக் கொட்டகைக்குள் நுழைவதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சாவுக்குப் போட்டுவந்த கறுப்புக் கோட்டைக்கூட அவன் கழற்றவில்லை. திரும்பி வரும்போது கைக்கு ஒன்றாக இரண்டு பச்சைப் பெட்டிகள். கழுத்தில் கேபிள் சுருள்.

அவள் கையிலிருந்த கத்தி நின்றுவிட்டது.

கூடத்தில் இருபது பேர் தேநீரும் ஸ்கோன் பன்னுமாக நின்றிருந்தார்கள். பக்கத்துப் பழத்தோட்டக்காரர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்: "உசுரு போற நேரத்துலயும் வண்டிய மேல கொண்டாந்துட்டான் பாருங்க. அதுதான் லைல்!"

வண்டி என்று அவர் சொன்னது நீர்மூழ்கியை. பழைய எரிவாயுத் தொட்டி ஒன்றை வெட்டி ஒட்டி, லைலும் டெஸ்ஸும் ஒன்பது வருஷமாகக் கட்டியது. ஒருவர் முட்டியை மடக்கி உட்காரலாம். மண் நிறப் பெயிண்டு அடித்த அன்றே ஊர் அதற்கு உருளைக்கிழங்கு என்று பெயர் வைத்துவிட்டது. அதை ஆற்றுக்குள் இறக்குவது பெரிய பாடாக இல்லை. உள்ளே போனவனோடு பேசுவதுதான் பெரும்பாடு. ரேடியோ தண்ணீருக்குள் எடுபடாது. குரலைக் கீச்சொலியாக்கித் தண்ணீர் வழியே அனுப்பி, மறுமுனையில் திரும்பக் குரலாக்கும் அந்தப் பச்சைப் பெட்டிகளை இருவரும் தாங்களே செய்தார்கள். கேபிள் நுனியில் தொங்கும் கறுப்பு வில்லைக்குக் காது என்று பெயர். பேசுவதும் அதுதான், கேட்பதும் அதுதான்.

அதற்கென்று ஒரு சட்டம் இருந்தது. பத்து நிமிஷத்துக்கொரு முறை கீழே இருப்பவன் "மேலே, கேக்குதா?" என்பான். படகில் இருக்கும் வெர்னா "கேக்குது" என்பாள். பெயர் சொல்லக் கூடாது. இரண்டு முறை பதில் வராவிட்டால் எதையும் யோசிக்காமல் மேலே வந்துவிட வேண்டும்.

"அம்மா, டெஸ் மாமா எங்க போறாரு?" என்று மகள் கெய்லீன் கேட்டாள்.

"காத்து வாங்கப் போறாரு. நீ டீயப் பாத்துக்க."

வெர்னா ஏப்ரனை நாற்காலியில் போட்டுவிட்டுத் துறைப்பாலத்துக்கு இறங்கினாள். ஹுவான் ஆறு கடுந்தேநீர் நிறத்தில் அசையாமல் கிடந்தது. டெஸ் மண்டியிட்டுக் கேபிளைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"இன்னிக்கேவா டெஸ்?"

"நாளைக்குப் போலீஸ்காரங்க வந்து பெட்டிய எடுத்துட்டுப் போறாங்க. அதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும்."

"என்ன தெரியணும்?"

"எங்க சொதப்பினேன்னு." அவன் அந்தக் கறுப்பு வில்லையை உள்ளங்கையில் ஏந்திக் காட்டினான். "இந்தக் காத வார்த்தது நான்தான். அவசரத்துல பிசின ஊத்திட்டேன். உள்ள குமிழி நின்னிருக்கும். 'மச்சான், இன்னொண்ணு வார்த்துடுவோம்டா'ன்னு அவன் தலபாடா அடிச்சுக்கிட்டான். நான்தான் இதுவே போதும்னேன்."

"டாக்டர் என்ன சொன்னாரு? நெஞ்சு நின்னுபோச்சு. அவ்வளவுதான்."

"நிக்கறதுக்கு முன்னாடி வலிச்சிருக்கும்ல? உன்னக் கூப்பிட்டிருப்பான்ல? உனக்குக் கேட்டிருந்தா அங்கேருந்தே ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருப்பே. மனுஷன் கூப்பிடக் கூப்பிட என் சனியன் ஊமையா இருந்திருக்கு வெர்னா." அவன் வில்லையைப் பலகையில் வைத்தான். "போலீஸ்ல எழுதிக் குடுத்துடப் போறேன். தப்பு என்னோடதுன்னு."

'எனக்கு ஒண்ணும் கேக்கல' என்று போலீஸிடம் சொன்னபோது, அந்தச் சொல் இவன் தலையில் போய் விழும் என்று வெர்னா நினைக்கவே இல்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதே. காதக் கறுப்புத் தண்ணிக்குக் கீழதானே விட்டே?"

மேலே மிதக்கும் கறுத்த ஆற்றுத் தண்ணீரும் அடியில் கிடக்கும் கடல் தண்ணீரும் சந்திக்கும் இடத்தைக் குரல் தாண்டாது. பழக்கமில்லாதவர்கள் காதை மேலேயே தொங்கவிட்டு ஏமாறுவார்கள். மறந்துட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், டெஸ் பிழைத்துக்கொள்வான். அவளையும் யாரும் தூக்கில் போட மாட்டார்கள்.

"கீழதான். முப்பது அடி விட்டேன்" என்றாள்.

"அப்ப நான்தான்."

ஒரு பெட்டியை அவளிடம் வைத்துவிட்டு, மற்றதைத் தோணியில் ஏற்றிக்கொண்டு அவன் துடுப்புப் போட்டான். "நான் கீழ, நீ மேல. கேட்டா மட்டும் பதில் சொல்லு."

வெர்னா காதைத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். ஆற்றடியில் இறால்கள் சொடுக்கும் சத்தம் அடுப்பில் உப்புப் போட்டதுபோல் பொரிந்தது. லைல் செத்த அன்றைக்கும் இதே பொரியல்தான். இரண்டு வாரமாக நெஞ்சு இறுக்குகிறது என்று லைல் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் சண்டை போட்டு ஹோபார்ட்டில் டாக்டரிடம் நேரம் வாங்கினாள். தண்ணீர் அமைதியாக இருக்கிறது, புதுக் காதைச் சோதிக்க இதுபோல நாள் கிடைக்காது என்று அன்று காலையில் அவன் போன் செய்து அதை ரத்து செய்துவிட்டான். அவளுக்கு ஆத்திரம் தாளவில்லை. அவன் இறங்கிய பிறகு முதல் கூப்பாடு தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் துல்லியமாக வந்தது. கத்தட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டாள். இரண்டாவதும் வந்தது. மூன்றாவது, "வெர்னா... இருக்கியா?" பெயர் சொல்லிக் கூப்பிடுகிறானே, தாஜா பண்ணுகிறான் என்று நினைத்தாள். சிரிப்புகூட வந்தது. சட்டப்படி உருளைக்கிழங்கு மேலே வந்தது. மூடி மட்டும் திறக்கவில்லை.

இப்போது தூரத்தில் டெஸ் கேபிளை இறக்கினான்.

"மேலே, கேக்குதா?"

யார் பேசினாலும் அந்தப் பெட்டி ஒரே தகரக் குரலாக்கிவிடும். அவளுக்கு அது லைலின் குரலாகவே கேட்டது. விரல் பேசும் பித்தானின் மேல் இருந்தது, அழுத்தவில்லை.

"மேலே, கேக்குதா?"

தோணியில் டெஸ்ஸின் தலை கவிழ்ந்தது. தெரிந்த விஷயம்தானே என்பதுபோல் மெல்ல ஆட்டிக்கொண்டான்.

வெர்னா பித்தானை அழுத்தினாள். "கேக்குது."

அவன் துள்ளி நிமிர்ந்ததில் தோணி ஆடியது. "நெசமாவா? நல்லாக் கேக்குதா?"

"நல்லாக் கேக்குது டெஸ். குமிழியெல்லாம் ஒண்ணுமில்ல. அன்னிக்கும் இப்படித்தான் கேட்டுச்சு. மூணு தடவ கூப்பிட்டான். கோவத்துல நான்தான் பேசாம இருந்தேன்."

விரலை எடுத்தாள். எடுத்தால்தான் பதில் வரும்.

இறால்கள் பொரிந்துகொண்டிருந்தன. நீரோட்டம் தோணியைத் திருப்பி, டெஸ்ஸின் முதுகை அவளுக்குக் காட்டியது. வீட்டிலிருந்து கெய்லீன் கூப்பிட்டாள், டீ ஆறிப்போகிறதாம். டெஸ் திரும்பவில்லை. ஆனால் கேபிளை அவன் தண்ணீரிலிருந்து இழுக்கவில்லை. வெர்னா ஹெட்போனைக் கழற்றாமல் பலகைமேல் உட்கார்ந்தாள்.