பாறைக்குள் ஓடிய அலை

காலை பத்தேகால் இருக்கும். போடியிலிருந்து ஜீப்பில் வேலைக்கு வரும் கற்பகம், குரங்கணிக்கு மேலே உள்ள ஏலத்தோட்டத்தில், செடியின் தூரில் குந்திக் காய் எடுத்துக்கொண்டிருந்தாள். லோடு லாரி ஒன்று மண்ணுக்கு அடியில் போவதுபோல ஓர் உறுமல் கேட்டது. உடனே தரை அவளைத் தூக்கிப் போட்டது. மூன்று மூச்சு நேரந்தான்.

எங்கோ பாறைக்கு வெடி வைத்திருப்பார்கள் என்றார் மேஸ்திரி ஈஸ்வரன். கற்பகம் நம்பவில்லை. வெடிச் சத்தம் காற்றில் வரும். இது காலுக்குள் வந்தது. தண்ணீர் எடுக்க ஊற்றுக்குப் போனவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டாள். அவள் வேலைக்கு வந்த பதினெட்டு வருஷமாகக் கண்ணாடிபோல இருந்த தண்ணீர் செம்மண் குழம்பாக வந்துகொண்டிருந்தது. மறுநாள் தெளிந்தது, ஆனால் குடம் நிறைய முன்பு ஆகும் நேரத்தில் பாதிதான் ஆயிற்று.

நாலாம் நாள், நிலநடுக்கத்தை ஆராயும் பவதாரணி ஒரு கருவியோடு வந்து, அதைத் தோட்டத்துப் பாறையில் பதித்தார். கற்பகம் ஊற்றைப் பற்றிச் சொன்னதும் நோட்டை எடுத்து, மணி, நிறம் எல்லாம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். குலுங்கியதில் பாறை விரிசல் திறந்து, அடைபட்ட தண்ணீருக்கு வழி கிடைத்திருக்கும் என்றார்.

"மலை எதுக்கு மேடம் குலுங்குது?"

நாட்டையே சுமக்கும் பாறைத் தட்டு, நகம் வளரும் வேகத்தில் வடக்கே போய் இமயத்தில் முட்டுகிறதாம். அந்த அழுத்தம் இந்த மலைவரை பாறைக்குள் சேர்ந்துகொண்டே இருக்கிறது; பழைய விரிசல் ஒன்று தாங்காமல் ஒரு நூல் அளவு நழுவினாலும் மேலே தூக்கிப் போடும் என்றார்.

கருவியோடு இணைத்த கணினித் திரையில் ஒரு நேர்கோடு. கற்பகம் காலைத் தட்டினாள், கோடு துள்ளியது. சிரித்துவிட்டாள். சற்று நேரத்தில் யாரும் அசையாமலே அது நீள நீளமாக, ஊஞ்சல்போல ஆடத் தொடங்கியது. பவதாரணி போனைப் பார்த்தார். நாலாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், நடுக்கடலில், இருபது நிமிடத்துக்கு முன் பெரிய நிலநடுக்கம்.

"அங்க ஆளுக இருக்காகளா?"

இல்லை, கரை வெகுதூரம் என்றார் பவதாரணி.

"அப்ப இந்த மலையே இப்ப ஆடுதா?"

"ஆடுது. நீங்க, நான், கீழ போடி, எல்லாம் சேந்து மயிரிழை அளவு ஏறி எறங்குறோம். அதான் தெரியல."

கற்பகம் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாறைமேல் நின்றாள். உள்ளங்காலில் குளிர்ச்சி தவிர ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் உடம்பு சிலிர்த்தது. வீட்டுக்குப் போக ஜீப்பு வந்துவிட்டது என்று ஈஸ்வரன் கூப்பிட்டார்.

"நீங்களும் வந்து பாருங்கண்ணே," என்றாள்.

கோடு அடங்க முக்கால் மணி ஆயிற்று. அதுவரை ஜீப்பில் ஏறியிருந்தவர்கள் எல்லாரும் இறங்கி வந்து, பாறையைச் சுற்றி நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.