இடது காது

நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடும் கடையை நடத்தியவள் அவருடைய மனைவி. ஒரு செவ்வாய்க்கிழமை, கரடி என்று கூப்பிடப்படும் கறுப்பு நாய் அவள் மணிக்கட்டைக் கடித்தது. புண் சீழ் பிடித்து, ரத்தத்தில் விஷம் ஏறி, ஒன்பதாம் நாள் போய்ச் சேர்ந்தாள்.

நாய் நகராட்சிக் கூண்டில் இருந்தது. அங்கே இருந்த விதிப்படி, கடிக்கும் என்று தெரிந்தே தொழில்காரர் கை வைத்திருந்தால் நாயை விட்டுவிடுவார்கள். தெரியாமல் கடிபட்டிருந்தால் நாய்க்கு உயிர் போக்கும் ஊசி. 'அவளுக்குத் தெரியாது' என்று கணவர் எழுதிக் கொடுத்தால் வெள்ளிக்கிழமை முடிந்துவிடும்.

"யோசிக்க என்ன மாமா இருக்கு? கையெழுத்தைப் போடுங்க," என்றான் அவள் தம்பி. காகிதத்தை அவனே வாங்கி வந்திருந்தான்.

அவரும் போடத்தான் நினைத்தார். அந்த நாய் உயிரோடு இருக்கக் கூடாது. பேனா தேடிக் கடை மேசையின் இழுப்பறையைத் திறந்தார். உள்ளே, நாய்க்கு ஒன்றாக அவள் எழுதி வைத்த அட்டைகள். 'உங்களுக்கும் ஒண்ணு எழுதணும். காலையில காப்பி குடிக்கிற வரைக்கும் கிட்டப் போகாதேன்னு' என்று ஒருமுறை கேலி செய்திருந்தாள்.

கரடியின் அட்டை மேலேயே கிடந்தது. போன மாதத் தேதி. 'இடது காதில் புண். தொட்டால் கடிக்க வருகிறது. வாய்ப்பூட்டு போட்டால் பாவம், மூச்சு வாங்குகிறது. அடுத்த முறை பூட்டு வேண்டாம். பேச்சுக் கொடுத்துக்கொண்டே செய்யணும்.'

தம்பி எட்டிப் படித்தான்.

"கிழிச்சுப் போடுங்க மாமா. இதைப் பாத்தா அக்காவோட கவனக்குறைவுன்னு எழுதிடுவாங்க. செத்தவ மேலயே பழியா?"

"கவனக்குறைவா? எவ்வளவு கவனமா எழுதியிருக்கா பாருடா."

"அதுக்காக அந்தச் சனியனைக் காப்பாத்துவீங்களா?"

அவர் அட்டையைச் சட்டைப் பையில் வைத்தார். நாய் சாக வேண்டும் என்றுதான் அப்போதும் இருந்தது. ஆனால் இருபத்திரண்டு வருடம் நாய்களோடு புழங்கியவளுக்குத் 'தெரியாது' என்று எழுதக் கை வரவில்லை.

நகராட்சி அதிகாரி அட்டையை இரண்டு முறை படித்தார். "இதைச் சேர்த்தா நாயை விட்டுருவோம் சார். 'தெரிந்தே செய்தார்'னு அறிக்கையில வரும். பரவாயில்லையா?"

"பரவாயில்லைன்னு சொல்ல மாட்டேன். எழுதுங்க."

வெளியே தம்பி வண்டியோடு நின்றான். அவர் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டு, வண்டியைக் கிளப்பித் தனியாகப் போய்விட்டான்.

அவர் இரண்டு படி இறங்கினார். பிறகு திரும்ப உள்ளே போனார்.

"இன்னும் என்ன சார்?"

"அந்த இடது காதுல இன்னும் புண் இருக்கும். கூண்டு கழுவுறவங்ககிட்ட சொல்லி வையுங்க."