மோதினால் பின்வாங்கு

முறை வைத்து மீன் பிடிக்கும் குப்பத்தில் பிறந்தவன் கங்காதரன். ஆகையால், சென்னைத் துறைமுகத்தை அடுத்த ஒரு சரக்கு நிறுவனத்தின் கணினிக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அங்கிருந்த இயந்திரங்களின் நடைமுறை அவனுக்கு விளங்கிவிட்டது. நடுவே பெரிய கணினி. அதைச் சுற்றி அலுவலகத்தின் பல அறைகளிலும் அதோடு கம்பியில் இணைந்த டெர்மினல் திரைகள். பெரிய கணினி ஒவ்வொன்றையும் வரிசையாக அழைத்து, அனுப்புவதற்கு ஏதேனும் உண்டா என்று கேட்கும். உண்டென்றால் வாங்கிக்கொள்ளும், இல்லையென்றால் அடுத்ததைக் கேட்கும். அழைக்கும்வரை எதுவும் வாய் திறக்கலாகாது.

பழவேற்காட்டு ஏரியில் இதற்குப் பாடு என்று பெயர். முகத்துவாரத்தை ஒட்டி இறால் அகப்படும் இடங்கள் சில உண்டு. குப்பத்துக் குடும்பங்கள் அவற்றைச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொண்டு, தத்தம் முறை வரும் நாளில் மட்டும் அங்கே கழி ஊன்றி வலை கட்டும். முறை இல்லாதவன் அந்தத் தண்ணீரில் கழி ஊன்றினால் ஊர் சும்மா விடாது.

எண்பத்தேழாம் ஆண்டுத் தொடக்கத்தில் கணினிக் கூடத்துக்கு ஈதர்நெட் என்ற புதிய இணைப்பு வந்தது. கட்டை விரல் பருமனுள்ள மஞ்சள் கேபிள் ஒன்றை, கூரைப் பலகைகளுக்கு மேலே அறை அறையாக இழுத்துக் கட்டினார்கள். பம்பாயிலிருந்து வந்த பொறியாளர் அதன் விதியைப் பொறுமையாக விளக்கினார். இனி முறை கிடையாது. யாரும் யாரையும் அழைக்க வேண்டியதில்லை. சொல்ல இருப்பவர் முதலில் கேபிளில் காது கொடுத்துக் கேட்க வேண்டும்; அமைதியாக இருந்தால் பேசலாம். இருவர் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொண்டால் இருவருமே நிறுத்திப் பின்வாங்கி, ஆளுக்கு ஒவ்வொரு அளவு நேரம் காத்திருந்து மறுபடி முயல வேண்டும். அவ்வளவுதான்.

கங்காதரனுக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் முற்பகல் முழுவதையும் விழுங்கிவந்த வேலை, கேபிள் வந்த பிறகு காலைத் தேநீருக்கு முன்பே முடிந்தது. முன்பு, அனுப்ப ஒன்றுமில்லாதவனைக் கேட்டுக் கேட்டே பாதிப் பொழுது வீணாகியிருக்கிறது என்பது அப்போதுதான் புலப்பட்டது. மேலாளர் அவனைப் பாராட்டி, கேபிளைப் பராமரிக்கும் பொறுப்பையும் அவனிடமே கொடுத்தார். அவனுக்குத் தலை கொஞ்சம் கனத்தது என்றால் அது மிகையன்று.

ஞாயிறுதோறும் பொன்னேரிவரை ரயில், அங்கிருந்து பேருந்து, பிறகு படகு என்று அவன் குப்பத்துக்குப் போய்வருவான். அங்கே அண்ணன் பூபதி இருந்தார். நைனா இறந்த பிறகு அவனைப் படிக்க வைத்தவர் அவர்தான். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். கூட ஆள் வைத்துக்கொள்ள வசதியின்றித் தனியாகவே தொழில் செய்தார். குடும்பங்கள் பெருகிவிட்டன, பாடு பெருகவில்லை என்பது அவருடைய குறை. முறை வருவதற்குள் வலை காய்ந்து போகிறது. முறைக்காரன் காய்ச்சலில் படுத்துவிட்டால் அந்த இடம் சும்மாக் கிடக்கிறது, ஆனாலும் யாரும் தொடக்கூடாது.

கேட்டுக்கொண்டிருந்த கங்காதரனுக்கு மஞ்சள் கேபிள் நினைவுக்கு வந்தது. வந்த நினைவை அவன் தன்னோடு வைத்துக்கொண்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

ஆடி மாதம் பஞ்சாயத்துக் கூடியபோது அவன் எழுந்து நின்று பேசினான். முறையை எடுத்துவிடலாம் என்றான். இடம் காலியாக இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் கழி ஊன்றலாம். இருவர் ஒன்றாக வந்து சேர்ந்தால் இருவரும் விலகி, சற்றுப் பொறுத்து வரலாம். சென்னையில் இப்படித்தான் நடக்கிறது, வேலை பன்மடங்கு வேகமாக முடிகிறது என்று எடுத்துரைத்தான். படித்த பிள்ளை பேசுகிறான் என்று கூட்டம் மரியாதையாகக் கேட்டது. அர்ஜுனன் மட்டும் வெற்றிலையைத் துப்பிவிட்டு வாயைத் திறந்தான். மூன்று வளர்ந்த மகன்களும் இரண்டு படகுகளும் உள்ளவன் அவன்.

"மோதிக்கினா திரும்பிடணும்ன்ற. சரி. எவன் மொதல்ல திரும்பறதுன்னு உன் ஒயரு இன்னா சொல்லுது?"

"ரெண்டு பேருந்தான் திரும்பணும், மாமா."

"ரெண்டு பேருமா? அப்போ மீனு தனியா கரைக்கு வந்துடுமா?"

கூட்டம் சிரித்தது. கங்காதரனும் சிரித்தான். பஞ்சாயத்துத் தலைவர் பொன்னுரங்கம், பாடு இல்லாமல் ஒரு பருவம் நடத்திப் பார்க்கலாம் என்று தீர்ப்புச் சொன்னார். கேள்விக்கு விடை சொல்லப்படவில்லை என்பதைச் சிரிப்பில் யாரும் கவனிக்கவில்லை.

முதல் மாதங்கள் நன்றாகவே போயின. இறால் குறைவான காலம், போட்டியும் குறைவு. சும்மாக் கிடந்த இடங்களில் எல்லாம் வலை விழுந்தது. பூபதி வீட்டில் அடுப்பு அணையாமல் எரிந்தது. அண்ணி திரௌபதி சென்னைக்குத் திரும்பும் கொழுந்தனுக்கு இறால் தொக்கு கட்டிக் கொடுத்தாள். ஊரில் கங்காதரனின் பெயர் உயர்ந்தது.

மழை ஓய்ந்தது, மார்கழி பிறந்தது, ஏரியில் இறால் திரண்டது. அதே நாட்களில் துறைமுகத்தில் ஆண்டு முடிவுக் கணக்கு. எல்லா அறைகளும் ஒரே நேரத்தில் பேச முற்பட்டதால் மஞ்சள் கேபிள் திணறியது. மூன்று வாரம் முழுவதும், ஞாயிறுகள் உட்பட, கங்காதரன் கூடத்தைவிட்டு நகரவில்லை. கடைசியில் பம்பாய்க்குத் தொலைபேசியில் பேசினான். பொறியாளர் வியப்படையவில்லை. கூட்டம் அதிகமானால் மோதல் அதிகமாகும், அது இயல்புதான் என்றார். மோத மோத, மோதியவன் காத்திருக்கும் நேரம் நீண்டுகொண்டே போகும். அதற்குள் புதிதாக வந்தவன் முந்திக்கொள்வான்.

பலமுறை பின்வாங்கியும் வழி கிடைக்காதவன் என்ன ஆவான் என்று கங்காதரன் கேட்டான்.

"ஓர் அளவுக்கு மேல் முயலாது. அந்தச் செய்தியை அப்படியே கைவிட்டுவிடும்," என்றார் அவர். பிறகு, கவலை வேண்டாம், இன்னொரு கேபிள் இழுத்துக் கூட்டத்தைப் பிரித்துவிடலாம் என்று ஆறுதல் சொன்னார்.

கங்காதரன் தொலைபேசியை வைத்தான். அவன் கண்முன் வந்தது கேபிள் அல்ல, ஏரி. அன்று பிற்பகலே விடுப்புச் சொல்லிவிட்டு ரயிலேறினான்.

வீட்டுக்குள் நுழைந்தபோது, வலை மாட்டும் கொம்பு வெறுமையாக இருந்தது. அண்ணி தண்ணீர் கொடுத்துவிட்டு, அவன் கேளாமலே சொன்னாள். இறால் திரண்டதும் அர்ஜுனன் ஒரு மகனைப் படகோடு இடத்திலேயே உட்கார வைத்துவிட்டான். ஒருவன் போனால் அடுத்தவன் வருவான். இடம் காலியாவதே இல்லை. மற்றவர்களும் ஆள் சேர்த்துக்கொண்டு அதையே செய்தார்கள். பூபதி தனி ஆள். எப்போதாவது இடம் காலியாகி அவர் போய்ச் சேரும்போது எதிரே இன்னொரு படகும் வந்து சேரும். அவர் திரும்புவார். எதிரே வந்தவன் திரும்பமாட்டான். சற்றுப் பொறுத்து மறுபடி போவார், மறுபடி திரும்புவார்.

"தம்பி வச்ச சட்டம், நீ மீறலாமா பூபதின்னு தண்ணியிலயே கேலி பண்ணாங்க. இவுரும் ஆமான்னு துடுப்பைத் திருப்பிக்கினு வந்துட்டாரு."

வலையை அர்ஜுனனுக்கே விற்ற காசில்தான் அந்த மாதம் உலை கொதித்தது என்றும் அவள் சொன்னாள்.

பூபதி அந்தி சாயும்போது வந்தார். அனுப்பம்பட்டுப் பக்கம் நெல் அறுப்புக்குப் போய்வந்திருந்தார்; காலில் ஏரிச் சேறு இல்லை, வயல் சேறு.

"ஏன்ணா நீ மட்டும் திரும்பன?" என்று கங்காதரன் கேட்டான். "நின்னு பாத்திருக்கலாமே."

பூபதி காலைக் கழுவிக்கொண்டிருந்தார். "நீ எழுந்து சொன்னத ஊரே கேட்டுச்சு," என்றார். "நானே கேக்கலன்னா உனக்கு இன்னா மரியாதை இருக்கும்?"

கங்காதரன் மறுநாள் காலையிலேயே பொன்னுரங்கத்தின் வீட்டுக்குப் போய்ப் பாடு முறையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று கைகூப்பிக் கேட்டுக்கொண்டான். அவன் கேட்பதற்கு முன்பே அது முடிவாகியிருந்தது. ஏரியில் இரண்டு படகுகள் மோதி ஒருவன் தலை உடைந்து மயிரிழையில் உயிர் தப்பியதால், ஊரே முறைதான் வேண்டும் என்று சொல்லிவிட்டது. அன்று மாலையே சீட்டு. சொந்த வலையோடும் கழியோடும் நேரில் வந்து நிற்கும் குடும்பத் தலைவன் பெயர்தான் சீட்டில் ஏறும். ஏறாத பெயர் அடுத்த ஆண்டுச் சீட்டுவரை காத்திருக்கும். பழைய விதி அது. அதை யாரும் வளைத்ததில்லை.

கங்காதரன் அர்ஜுனனிடம் ஓடினான். வாங்கிய விலைக்கு மேலே தருவதாகச் சொல்லி அண்ணனின் வலையைத் திருப்பிக் கேட்டான். அர்ஜுனன் அவனைத் திட்டவில்லை. உட்கார வைத்துத் தேநீர் வாங்கிக் கொடுத்தான்.

"என் நடுப்பையன் தனிக்குடும்பம் போறான். அவனும் சீட்டுல நிக்கணும். உங்கண்ணன் வலைதான் அவனுக்கு. இதுல நான் இன்னா தப்பு பண்ணேன், சொல்லு."

புது வலை வாங்கிவர மாலைக்குள் நேரமும் இல்லை; கங்காதரன் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான்.

மாலையில் வலைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆண்கள் வரிசையாக நின்றார்கள். பூபதி வெறுந்தோளோடு கூட்டத்தின் பின்னால் நின்றார். அர்ஜுனனின் நடுமகன் தோளில் கிடந்த வலையின் ஓரத்தில், திரௌபதி நீல நூலால் போட்ட தையல் கங்காதரனுக்குத் தெரிந்தது. பெயர்கள் ஒவ்வொன்றாகக் கூப்பிடப்பட்டன. பூபதி என்ற பெயர் வரவேண்டிய இடத்தில் பொன்னுரங்கம் ஒரு கணம் நிறுத்தி, நிமிர்ந்து பார்த்து, அடுத்த பெயருக்குப் போனார்.

பொங்கலுக்குப் பிறகு கணினிக் கூடத்தில் இரண்டாவது மஞ்சள் கேபிள் இழுக்கும் வேலை தொடங்கியது. கேபிள் போதாவிட்டால் இன்னொரு கேபிள். அந்த வசதி ஏரிக்கு வாய்க்கவில்லை. கேபிள் இழுக்கக் கூலிக்கு ஆள் தேவைப்பட்டது. கங்காதரன் மேலாளரிடம் பணிவாகச் சொல்லி அண்ணனைச் சேர்த்துவிட்டான்.

பூபதி அந்தக் கனத்த கேபிள் சுருளைத் தோளில் ஏற்றிக்கொண்டு கூடத்து வாசலுக்கு வந்தார். குளிரூட்டிய கூடத்துக்கு ஒடுக்கமான ஒரே கதவு. உள்ளேயிருந்து ஓர் எழுத்தர் வந்தார். பூபதி பின்வாங்கி வழிவிட்டார். மறுபடி அடியெடுத்து வைத்தபோது தேநீர்க் குவளைகளோடு வேறொருவர் வந்தார். மறுபடி பின்வாங்கினார். பிறகு இரண்டு பேர் பேசிச் சிரித்தபடி வந்தார்கள்.

கங்காதரன் உள்ளேயிருந்து கதவைப் பிடித்துக்கொண்டு, "வாண்ணா," என்று கூப்பிட்டான்.

"இருக்கட்டும்பா. அவங்க போவட்டும்," என்றார் பூபதி, தோள் சுமையை இறக்காமலே.