பதினெட்டாம் நம்பர் வீட்டுத் தேத்தண்ணி

என் கணவர் கிருஷ்ணராசா எந்தக் காரியத்தில் இறங்கினாலும் முதலில் சட்டம் எழுதுவார். எட்டு வயது மகள் சயந்தினி, ஹாலோவீனுக்கு வீடு வீடாகப் போய் இனிப்புக் கேட்க வேண்டும் என்று மூன்று வருடமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். இந்த முறை ஒருவழியாகச் சம்மதித்தவர், உடனே ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டினார். ரோட்டைக் கடக்கக்கூடாது. வாசலில் வெளிச்சம் இல்லாத வீட்டைத் தட்டக்கூடாது. தெரியாத வீட்டுக்குள் யார் கூப்பிட்டாலும் நுழையக்கூடாது. யாராவது நுழைந்தால் மற்றவர்கள் உடனே வீட்டுக்கு வந்து சொல்ல வேண்டும். உள்ளூர்க் கவுன்சில்கூடக் குப்பைத்தொட்டிக்கு இத்தனை விதி வைத்ததில்லை.

பக்கத்து வீட்டு ஷெறோனையும் அவளுடைய தாய் இவரை நம்பித்தான் அனுப்பினார். வேடம் போட்ட இரண்டு சின்னச் சூனியக்காரிகளுக்குப் பின்னால் டோர்ச் லைற்றும் கையுமாக இவர் புறப்பட்டார். அன்று எங்கள் தோர்ண்டன் ஹீத் தெருக்களில் இவரைப் பார்த்துத்தான் பேய்கள் பயந்திருக்கும்.

வருகிற பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுக்க நான் வீட்டில் நின்றேன். அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. பெல் அடித்தது. கதவைத் திறந்தால் சயந்தினியும் ஷெறோனும் கைகோத்தபடி நிற்கிறார்கள். இவரைக் காணவில்லை. அப்பா எங்கே என்று கேட்டேன்.

"பதினெட்டாம் நம்பர் வீட்டுக்குள்ள போயிட்டார் அம்மா. தெரியாத வீட்டுக்குள்ள ஆரும் போனா உடன வந்து சொல்லோணும் எண்டு அவர்தானே எழுதினவர். அதான் வந்தனாங்கள்."

நாலு வீடு தள்ளி, இதே பக்கத்தில்தான் பதினெட்டு. அங்கே புதிதாகக் குடிவந்த சிவமலர் என்கிற அம்மா, பிள்ளைகளின் பையில் சொக்லேட்டைப் போட்டுவிட்டு, இவரிடம் சொந்த நாட்டில் எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால் இவருக்கு உலகமே மறந்துபோகும். பக்கத்துப் பக்கத்து ஊர்தான் என்று தெரிந்ததும், தேத்தண்ணி குடிக்காமல் போகக்கூடாது என்றிருக்கிறார் அந்த அம்மா. இவரும் பிள்ளைகளைப் படியில் நிற்கச் சொல்லி, ஒரு நிமிடம் என்று சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் போனை எடுப்பதற்குள் இவரே ஓடி வந்தார். காலில் வெறும் சொக்ஸ். கையில் பாதி கடித்த ரோல்ஸ். படியில் பிள்ளைகளைக் காணாமல் தெருவெல்லாம் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். வாய்நிறையக் கேலி வைத்திருந்தேன், அந்த முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன். இவர் முழங்காலில் விழுந்து இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிப்பிடித்தார்.

சயந்தினி விடவில்லை. "அவவை உங்களுக்கு முந்தித் தெரியுமோ அப்பா?"

"இல்லைப் பிள்ளை."

"பிறகேன் உள்ளுக்குப் போனீங்கள்?"

"பெரிய ஆள், அன்பாக் கூப்பிட்டவ. எப்பிடி மாட்டன் எண்டு சொல்லுறது?"

எனக்குச் சுருக்கென்றது. அந்தத் தாளில் எல்லாம் இருந்தது, அன்பாகக் கூப்பிடும் பெரியவருக்கு எப்படி மறுப்புச் சொல்வது என்பது மட்டும் இல்லை. எங்கள் இரண்டு பேருக்குமே அது தெரியாது. நானாக இருந்தாலும் போயிருப்பேன், இரண்டாவது ரோல்ஸும் எடுத்திருப்பேன்.

"வேண்டாம் அன்ரி, நாங்கள் வெளியில நிக்கிறம்," என்றாள் சயந்தினி. "இப்பிடித்தான் சொல்லோணும். எங்கை, நீங்கள் சொல்லுங்கோ பாப்பம்."

மூன்றாம் தரம்தான் இவர் அதை முழுதாகச் சொல்லி முடித்தார்.